தோலுக்குள் மருந்தைக் கொண்டுசெல்லும் ஒலி



கடந்த சில மாதங்களாக எனக்கு வரும் கடிதங்களில் ஒரு விடயம் பல விதமாகத் திரும்பத் திரும்ப வருகின்றது. "மெஷினால் மருந்தைத் தோலுக்குள் இறக்குகிறார்களாமே, அது உண்மையா?" என்று ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். "செல் பட்ட தோளுக்கு அந்தச் சிகிச்சை செய்யலாமா? உள்ளே இன்னும் பீஸ் இருக்கிறது" என்று இன்னொருவர் எழுதியிருக்கிறார். மூன்றாமவரின் கடிதம் இப்படி: "பத்துத் தடவை பிடிக்க வேண்டும் என்று சொன்னார்கள். தைத்துக் கொடுத்த காசை அப்படியே கொண்டுபோய்க் கட்டுகிறேன். பலன் இருக்குமா அக்கா?"

போர் 2009 ஆம் ஆண்டில் முடிந்தது. ஆனால் அது எங்கள் உடம்பில் விட்டுச் சென்ற நோ முடியவில்லை. காயப்பட்ட மூட்டு, ஊன்றுகோல் பிடித்துப் பிடித்துத் தேய்ந்த தோள், ஒரு காலின் பாரத்தையும் சேர்த்துச் சுமக்கும் மற்றக் கால், நாள் முழுக்கத் தையல் மெஷினில் குனிந்திருப்பதால் வரும் நாரிநோ என்று ஒவ்வொருவருக்கும் ஒரு கணக்கு உண்டு. நோ உள்ளவர்கள் இருக்கும் இடத்தில் நோவுக்கு மருந்து விற்பவர்களும் இருப்பார்கள். எனவே, காசு கட்டுவதற்கு முன்னர் இந்தச் சிகிச்சை என்ன, அது எவ்வளவு தூரம் உண்மை, யாருக்கு அது ஆபத்து என்பவற்றைத் தெரிந்துகொள்வது அவசியம். இம்மாதம் அதைப் பற்றியே பார்ப்போம்.

தோல் என்னும் காவல்

எங்கள் உடலில் மிகப் பெரிய உறுப்பு தோல்தான். வெயில், மழை, தூசி, கிருமி எல்லாவற்றையும் வெளியே மறித்து வைப்பது அது. அந்தக் காவலில் முக்கிய பங்கு அதன் மிக மேலான படைக்கு உரியது. இறந்துபோன, தட்டையான கலங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட படை அது. கலங்களுக்கு இடையே கொழுப்புப் பொருள் நிரம்பியிருக்கும். கற்களை அடுக்கிச் சாந்து பூசிய மதிலை நினைத்துக்கொள்ளுங்கள். கலங்கள்தான் கல், கொழுப்புத்தான் சாந்து. பெரும்பாலான இடங்களில் இந்த மதிலின் தடிப்பு ஒரு மில்லிமீற்றரின் நூறில் ஒரு பங்கிலிருந்து இரண்டு பங்கு வரைதான். அதாவது ஒரு தலைமயிரின் தடிப்பைவிட மிகவும் குறைவு. ஆனால் அதைத் தாண்டி உள்ளே போவது இலேசான காரியம் அல்ல.

அப்படியானால் நாங்கள் பூசும் மருந்து எப்படி உள்ளே போகிறது? மாத்தட்டில் மா அரிக்கும்போது நுண்ணிய மா கீழே விழும், கட்டி மேலே நின்றுவிடும். தோலும் ஏறக்குறைய அப்படித்தான். மருந்தின் மூலக்கூறு சிறியதாகவும், கொழுப்பில் கரையக்கூடியதாகவும் இருந்தால் மெதுவாகக் கசிந்து உள்ளே போகும். மூலக்கூறுகளின் பருமனை டால்டன் என்ற அலகினால் குறிப்பார்கள். ஏறத்தாழ 500 டால்டனுக்கு மேற்பட்ட மருந்துகள் தோலைத் தாண்டுவது மிகவும் கடினம் என்பது மருந்தியலாளரின் பொதுக் கணக்கு.

நோவுக்குப் பூசும் டைக்ளோபினக் ஜெல்லின் மருந்து 300 டால்டனுக்குச் சற்றுக் குறைவு. எனவே பூசினாலே ஓரளவு உள்ளே போகும். புகைத்தலை விடுவதற்காக ஒட்டப்படும் நிக்கொட்டின் பிளாஸ்டர் வேலை செய்வதும் இதனால்தான். நிக்கொட்டின் 162 டால்டன் மட்டுமே. ஆனால் நீரிழிவுக்காரர் போடும் இன்சுலின் ஏறத்தாழ 5,800 டால்டன். எவ்வளவு பூசித் தேய்த்தாலும் அது தோலில் ஏறாது. அதனால்தான் ஊசி வேண்டியிருக்கிறது.

காதுக்குக் கேளாத ஒலி

மனிதக் காதுக்கு விநாடிக்கு 20 முதல் 20,000 அதிர்வுகள் வரையுள்ள ஒலிதான் கேட்கும். அதற்கு மேற்பட்ட மீடிறன் கொண்ட ஒலியைக் கழியொலி என்கிறோம். வைத்தியசாலையில் எல்லோரும் அல்ட்ராசவுண்ட் என்று சொல்வது இதைத்தான். சில பளிங்குகளை அழுத்தினால் மின் தோன்றும் என்பதைப் பிரான்ஸ் நாட்டின் கியூரி சகோதரர்கள் 1880 இல் கண்டறிந்தார்கள். அதே பளிங்குக்கு மின்னைக் கொடுத்தால் அது அதிரும். அந்த அதிர்விலிருந்துதான் கழியொலி பிறக்கிறது.

கர்ப்பமாயிருந்தபோது உங்களில் பலர் ஸ்கான் செய்திருப்பீர்கள். அதுவும் கழியொலிதான். ஆனால் ஸ்கானுக்குப் பாவிப்பது படம் பிடிப்பதற்கான, வலுக் குறைந்த, விட்டுவிட்டு வரும் ஒலி. இயன் மருத்துவப் பிரிவில், அதாவது பிசியோதெரபியில், நோவுக்குப் பிடிப்பது அதைவிட வலுக் கூடியது. தசையையும் மூட்டையும் உள்ளிருந்து சூடாக்கக்கூடியது. இரண்டும் ஒன்றென்று நினைக்க வேண்டாம்.

ஒலி காற்றிலிருந்து தோலுக்குள் நுழையாது, பட்டுத் தெறித்துவிடும். அதனால்தான் கருவியின் தலைக்கும் தோலுக்கும் நடுவே ஜெல் பூசுகிறார்கள். இந்த ஜெல்லுக்குப் பதிலாக மருந்து கலந்த ஜெல்லைப் பூசி, ஒலியால் அந்த மருந்தை உள்ளே தள்ளலாமா என்ற எண்ணத்தில்தான் எங்கள் கதை தொடங்குகிறது.

வியன்னாவிலிருந்து வந்த எண்ணம்

ஒஸ்ரியாவின் வியன்னா நகரில் பெலிங்கர், ஷ்மிட் என்ற இரு வைத்தியர்கள் 1954 இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். கைவிரல் மூட்டு வாதத்துக்கு ஹைட்ரோகோட்டிசோன் மருந்தைப் பூசி, அதன் மேல் கழியொலியைப் பிடித்ததைப் பற்றி அதில் எழுதினார்கள். ஊசி போடாமல் மூட்டுக்குள் மருந்து! பலரையும் அது கவர்ந்தது.

பின்னர் அமெரிக்காவில் கிரிபின் என்பவரும் சக ஆய்வாளர்களும் 102 நோயாளரிடம் இதைச் செய்து பார்த்து 1967 இல் முடிவை வெளியிட்டார்கள். மருந்தும் ஒலியும் சேர்ந்து கிடைத்தவர்களில் 68 வீதமானோருக்கு நல்ல சுகம். மருந்தில்லாத களிம்புடன் ஒலி மட்டும் கிடைத்தவர்களில் 28 வீதமானோருக்கே சுகம். இதற்குப் பிறகு பல நாடுகளின் இயன் மருத்துவ அறைகளில் இந்த முறை இடம்பிடித்துக்கொண்டது.

ஆனால் விஞ்ஞானத்தில் ஒரு நல்ல பழக்கம் உண்டு. ஒருவர் கண்டதை மற்றவரும் செய்து பார்ப்பார். 1998 இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில் 49 பேரை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு மருந்து கலந்த ஜெல்லுடன் ஒலி. மற்றப் பிரிவுக்கு வெறும் ஜெல்லுடன் ஒலி. மூன்று கிழமைகளின் பின் இரு பிரிவினருக்கும் நோ குறைந்திருந்தது. ஆனால் மருந்து சேர்த்தவர்களுக்கு அதனால் மேலதிக நன்மை எதுவும் தெரியவில்லை.

இன்னொரு விடயத்தையும் ஆராய்ச்சியாளர்கள் கண்டார்கள். 1992 இல் கமரோன், மொன்றோ என்ற இருவர் இந்தச் சிகிச்சைக்குப் பாவிக்கும் களிம்புகளை எடுத்து, அவற்றினூடாக ஒலி எவ்வளவு போகிறது என்று அளந்தார்கள். தெளிவான ஜெல்களினூடாக ஒலி நன்றாகப் போனது. தடித்த வெள்ளைக் களிம்புகள் சில ஒலியை ஏறக்குறைய முற்றாகவே மறித்துவிட்டன! அப்படியானால் அந்தக் களிம்பைப் பூசி மெஷின் பிடித்தவர்களுக்கு மருந்தும் இறங்கவில்லை, ஒலியும் போய்ச் சேரவில்லை.

ஒலியே நோவைக் குறைக்கிறதா என்ற கேள்வியும் இருக்கிறது. 2001 இல் ரொபேட்சன், பேக்கர் என்ற இரு ஆய்வாளர்கள் அதுவரை வந்த 35 ஆய்வுகளைப் புரட்டிப் பார்த்தார்கள். அவற்றில் முறையாகச் செய்யப்பட்டவை என்று பத்தைத் தெரிந்தெடுத்தார்கள். மெஷினை நிறுத்தி வைத்துக்கொண்டு பிடிப்பதுபோலக் காட்டியதைவிட உண்மையாகப் பிடித்தது நல்லது என்று சொன்னவை அந்தப் பத்தில் இரண்டு மட்டுமே.

சிகிச்சை எடுத்தவர்களுக்குச் சுகம் வந்தது பொய்யா? பொய்யல்ல. இளஞ்சூடு நோவுக்கு இதம் தரும். ஒருவர் அக்கறையுடன் எங்கள் காலைத் தொட்டுப் பார்ப்பதும் இதம் தரும். நாட்போக்கில் தானாகவே ஆறும் நோவும் உண்டு. ஆனால் "மருந்து மூட்டுக்குள் இறங்குகிறது" என்று சொல்லி அதற்காக மேலதிகக் காசு கேட்டால், அந்தக் காசுக்கு ஆதாரம் பலமாக இல்லை.

1995 இல் திறந்த கதவு

கதை இத்துடன் முடிந்துவிடவில்லை. அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் பேராசிரியர்கள் ரொபேட் லாங்கர், டானியல் பிளாங்ஸ்ரைன் ஆகியோருடன் இந்தியாவில் பிறந்த சமீர் மித்ரகோத்ரி என்ற இளம் ஆய்வாளர் வேலை செய்தார். அதுவரை பெரும்பாலானோர் பாவித்தது விநாடிக்குப் பத்து இலட்சம் அதிர்வும் அதற்கு மேலும் கொண்ட ஒலியை. இவர்கள் மீடிறனை மிகவும் குறைத்து, விநாடிக்கு 20,000 அதிர்வுக்கு இறக்கிப் பார்த்தார்கள். 1995 இல் வெளியான அவர்களது ஆய்வு மருத்துவ உலகை வியக்க வைத்தது. தோலைத் தாண்டவே முடியாதென்று நினைத்திருந்த இன்சுலின் தாண்டியது. நீரிழிவு கொண்ட எலிகளின் தோலில் இன்சுலினை வைத்து ஒலியைச் செலுத்தியபோது இரத்தத்தில் சீனி குறைந்தது.

இது எப்படி நடக்கிறது? காரணம் குமிழிகள். பல் வைத்தியரிடம் போனால் பல்லில் படிந்த கல்லை நீர் தெறிக்கும் ஒரு கருவியால் எடுப்பார். நகைக்கடையில் சங்கிலியை ஒரு தண்ணீர்த் தொட்டியில் போட்டு அழுக்கு எடுப்பார்கள். இரண்டிலும் வேலை செய்வது கழியொலிதான். ஒலி நீரை அதிர வைக்கும்போது கண்ணுக்குத் தெரியாத குமிழிகள் தோன்றும். அவை பெருத்து, ஒரு கணத்தில் உடைந்து சுருங்கும். உடையும் வேகத்தில் நீர் ஊசிபோலப் பாயும். தோலுக்கு மேலுள்ள திரவத்தில் இப்படிக் குமிழிகள் உடையும்போது, நாங்கள் முன்பு சொன்ன மதிலின் சாந்து இளகி, நுண்ணிய வழிகள் உண்டாகின்றன. மீடிறன் குறையக் குறையக் குமிழி பெரிதாகும், வழியும் நன்றாகத் திறக்கும். 1954 இன் முறைக்கும் 1995 இன் முறைக்கும் உள்ள பெரிய வேறுபாடு இதுதான்.

திறந்த வழியால் மருந்து உள்ளே போகலாம் என்றால், உள்ளிருப்பது வெளியே வரவும் கூடுமல்லவா? 2000 ஆம் ஆண்டில் இதே குழுவினர் அவ்வழியால் தோலுக்கடியில் உள்ள திரவத்தை வெளியே எடுத்து, விரலைக் குத்தாமலே சீனியின் அளவைப் பார்க்க முடியும் என்று காட்டினார்கள்.

2004 இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இவ்வகைக் கருவி ஒன்றுக்கு அனுமதி வழங்கியது. சோனோபிரெப் என்பது அதன் பெயர். தோலில் சில விநாடிகள் அதைப் பிடித்தபின் விறைப்புக் களிம்பைப் பூசினால், வழக்கமாக அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை எடுக்கும் விறைப்பு ஏறத்தாழ 5 நிமிடங்களில் வந்தது. ஊசிக்குப் பயந்து அழும் பிள்ளைகளுக்கு இது எவ்வளவு உதவி என்று தாய்மாருக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் அது பரவலாகப் பாவனைக்கு வந்து நிலைக்கவில்லை.

2023 இல் அதே நிறுவகத்தில் ஜனான் டாதெவிரன் என்ற பெண் விஞ்ஞானியின் குழுவினர் தோலில் ஒட்டக்கூடிய மெல்லிய கழியொலிப் பிளாஸ்டர் ஒன்றைச் செய்தார்கள். பன்றித் தோலில் நடந்த சோதனையில், ஒரு விற்றமின் வகைப் பொருள் சும்மா பூசும்போது போகும் அளவைவிட 26 மடங்கு உள்ளே போனது. இவையெல்லாம் நம்பிக்கை தரும் செய்திகள். ஆனால் ஆய்வுகூடத்து நம்பிக்கைகள். எங்கள் கைக்கு வந்துவிட்டவை அல்ல.

இன்சுலின் ஊசி போடும் சகோதரிகளுக்கு

மேலே எழுதியதைப் படித்துவிட்டு "இன்சுலின் ஊசியை நிற்பாட்டலாமோ" என்று எவரும் நினைக்கக் கூடாது. இன்றுவரை ஊசிக்குப் பதிலாகப் பாவிக்கவென்று எங்கும் அனுமதிக்கப்பட்ட கழியொலி இன்சுலின் கருவி கிடையாது. ஒவ்வொருவர் தோலும் ஒவ்வொரு விதம். ஒரே அளவு ஒலிக்கு ஒருவரின் தோல் கூடத் திறக்கும், இன்னொருவரின் தோல் குறையத் திறக்கும். இன்சுலின் கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து. அந்த அளவைச் சரியாகப் பிடிக்க முடியாததும் ஒரு பெரிய தடை. "ஊசியில்லாத இன்சுலின் மெஷின்" என்று யாராவது விற்க வந்தால் வாசலிலேயே அனுப்பிவிடுங்கள்.

யாருக்கு இது கூடாது?

சகோதரிகளே, இந்தப் பகுதியைக் கொஞ்சம் ஆறுதலாக வாசியுங்கள். மற்றவற்றை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

முதலாவது, மரத்துப்போன தோல். காயத்தால் நரம்பு அறுந்தவர்கள், முள்ளந்தண்டில் காயப்பட்டவர்கள், நெடுநாள் நீரிழிவால் பாதம் மரத்தவர்கள், எரிகாயத் தழும்பில் உணர்ச்சி இல்லாதவர்கள் எங்களில் ஏராளம். கழியொலி எலும்புக்கு அருகே கடும் சூட்டை உண்டாக்கக்கூடியது. உணர்ச்சி உள்ளவருக்கு உடனே குத்துவது போலவோ எரிவது போலவோ தெரியும். உணர்ச்சி இல்லாதவருக்குத் தெரியாது. உள்ளே வெந்த பின்புதான் தெரியும். எனவே மெஷின் பிடிப்பதற்கு முன்னர் அவ்விடத்தில் சூடு, குளிர், குத்தல் தெரிகிறதா என்று பரிசோதித்துப் பார்ப்பார்கள். பார்க்காவிட்டால் நீங்களே கேளுங்கள்.

இரண்டாவது, கர்ப்பம். கர்ப்பிணியின் வயிற்றிலோ நாரியிலோ இந்தச் சிகிச்சைக் கழியொலியைப் பிடிக்கக் கூடாது. மாதவிலக்குத் தள்ளிப் போயிருந்தால், சந்தேகமாக இருந்தால்கூட, வெட்கப்படாமல் சொல்லிவிடுங்கள். கர்ப்பகால ஸ்கான் வேறு, அதற்குப் பயப்படத் தேவையில்லை.

மூன்றாவது, புற்றுநோய் இருக்கும் அல்லது இருந்த இடம், கண், சீழ் பிடித்த காயம், காலில் இரத்தம் உறைந்த நாளம், இதயத்தின் பேஸ்மேக்கர் பொருத்திய நெஞ்சுப் பகுதி. இவற்றின் மேலும் கூடாது. வளரும் பிள்ளைகளின் எலும்பு முனைகளில் மிகவும் அவதானம் தேவை.

நான்காவது, கோட்டிசோன் வகை மருந்துகள். தோலால் போனாலும் மருந்து மருந்துதான். திரும்பத் திரும்பப் பாவித்தால் தோல் மெலியும். நீரிழிவு உள்ளவருக்குச் சீனி கூடவும் இடமுண்டு. வைத்தியர் எழுதித் தராமல் பாமசியில் ஒரு டியூப்பை வாங்கிக்கொண்டு போய் "இதைப் பூசிப் பிடியுங்கோ" என்று கேட்கவேண்டாம். முகத்தை வெளிறச் செய்யவென்று விற்கப்படும் களிம்புகளை வீட்டு மெஷினுடன் சேர்த்துப் பாவிப்பது இன்னும் மோசம்.

இத்துடன் சேர்த்து ஒன்று. கடும் நோவுக்காக மருந்துப் பிளாஸ்டர் ஒட்டியிருப்பவர்கள் அதன் மேல் சுடுதண்ணீர் ஒத்தணமோ வேறு சூடோ பிடிக்கக் கூடாது. சூட்டினால் மருந்து ஒரேயடியாக உள்ளே இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம்.

உடம்பில் துண்டு இருப்பவர்கள்

எறிகணைத் துண்டு உள்ளே இருக்கும் சகோதரிகள் பலர் அதைச் சொல்ல விரும்புவதில்லை. ஏன் பட்டது, எங்கே பட்டது, எப்போது பட்டது என்று கேள்விகள் நீளும் என்ற பயம். அந்தப் பயம் எனக்கு விளங்காமல் இல்லை. ஆனால் சிகிச்சை அறையில் நீங்கள் சொல்லவேண்டியது ஒரே ஒரு வசனம்தான். "இந்த இடத்தில் உள்ளே உலோகத் துண்டு இருக்கிறது." அதன் வரலாறு சிகிச்சைக்குத் தேவையில்லை.

ஏன் சொல்லவேண்டும்? உலோகத்தில் பட்ட ஒலி திரும்பித் தெறிக்கும். துண்டு நரம்புக்கோ பெரிய இரத்த நாளத்துக்கோ பக்கத்தில் இருந்தால் அவ்விடத்தைத் தவிர்க்க வேண்டி வரலாம். எலும்புக்குள் தகடு வைத்தவர்களுக்குக் கழியொலி முற்றாகத் தடை என்றில்லை. எக்ஸ்ரேயைப் பார்த்து, அளவைக் குறைத்து, செய்வதா விடுவதா என்று பயிற்சி பெற்றவர் தீர்மானிப்பார்.

ஆனால் இயன் மருத்துவ அறைகளில் மின்காந்த அலையால் சூடேற்றும் இன்னொரு வகை மெஷினும் இருக்கும். டயதேமி என்பார்கள். உலோகம் உள்ள இடத்தில் அதைப் பிடிக்கவே கூடாது, உலோகம் சூடாகிச் சுற்றியுள்ள தசையைச் சுட்டுவிடும். அதேபோல எம்.ஆர்.ஐ. ஸ்கானுக்குப் போகும்போதும் துண்டு இருப்பதைக் கட்டாயம் சொல்லவேண்டும். அங்குள்ள பெரும் காந்தம் இரும்புத் துண்டை அசைத்துவிடக் கூடும். கண்ணிலோ தலையிலோ முள்ளந்தண்டுக்குப் பக்கத்திலோ துண்டு இருந்தால் இது உயிர்ப் பிரச்சினை.

எனவே பழைய எக்ஸ்ரேயை எறியாதீர்கள். மழை படாமல் ஒரு பையில் போட்டு, பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி வைக்கும் இடத்தில் அதையும் வையுங்கள். எக்ஸ்ரே தொலைந்து போயிருந்தால் வைத்தியரிடம் சொல்லிப் புதிதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

தாங்க வேண்டாம், சொல்லுங்கள்

தாதியாக வேலை செய்த காலத்தில் நான் கண்ட ஒன்றை இங்கே சொல்லவேண்டும். எங்கள் பெண்கள் நோவைச் சொல்ல மாட்டார்கள். மருந்து கட்டும்போது பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். "நோகுதா?" என்று கேட்டால் "இல்லை மிஸ், நீங்கள் செய்யுங்கோ" என்பார்கள். பதுங்குகுழியிலும் முகாமிலும் தாங்கியவர்களுக்கு ஒரு மெஷினின் சூடு பெரிதாகத் தெரியாதுதான்.

ஆனால் கழியொலிச் சிகிச்சையில் உங்கள் வாய்தான் அளவுகோல். சூடு எவ்வளவு ஏறியது என்று மெஷின் காட்டாது. இதமான இளஞ்சூடு இருக்கலாம், அல்லது ஒன்றுமே தெரியாமல் இருக்கலாம். எரிவு, குத்தல், எலும்புக்குள் கடுக்கும் நோ வந்தால் உடனே சொல்லவேண்டும். கருவியின் தலை ஓரிடத்தில் நிற்காமல் அசைந்துகொண்டே இருக்கவேண்டும். அது நின்றாலும் சொல்லுங்கள். இங்கே பொறுமை நல்லதல்ல.

சிகிச்சைக்குத் தேவையான இடத்தை மட்டுமே திறந்து காட்டினால் போதும். தோளுக்கு என்றால் தோள், முழங்காலுக்கு என்றால் முழங்கால். மற்ற இடங்களை மூட ஒரு துணி கேளுங்கள். செய்பவர் ஆணாக இருந்தால், பெண் ஊழியர் ஒருவரோ உங்களுடன் வந்தவரோ அருகில் நிற்கவேண்டும் என்று கேட்கலாம். அப்படிக் கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. உங்களுக்குச் சரியென்று படாவிட்டால் எழுந்து வந்துவிடவும் உங்களுக்கு உரிமை உண்டு.

காசு கட்டுவதற்கு முன்

தைத்த காசைக் கட்டும் சகோதரிக்கும் அவரைப் போன்ற மற்றவர்களுக்கும் நான் சொல்வது இதுதான். எங்கள் நாட்டில் அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். போதனா வைத்தியசாலைகள், மாவட்டப் பொது வைத்தியசாலைகள், ஆதார வைத்தியசாலைகள் பலவற்றில் இயன் மருத்துவப் பிரிவு இருக்கிறது. வெளிநோயாளர் பிரிவிலோ கிளினிக்கிலோ வைத்தியரிடம் காட்டி, அங்கு போகத் துண்டு எழுதித் தரும்படி கேளுங்கள். பஸ் காசும் காத்திருக்கும் நேரமும் செலவுதான். ஆனாலும் பத்துத் தடவைக்குக் காசு கட்டுவதைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

தனியார் நிலையத்துக்குத்தான் போகவேண்டி இருந்தால், இந்தக் கேள்விகளை எழுதிக்கொண்டு போங்கள்:

1. என் நோவுக்குக் காரணம் என்ன? எந்த வைத்தியர் அதைப் பார்த்துச் சொன்னார்?
2. மெஷின் பிடிப்பவர் இயன் மருத்துவத்தில் பயிற்சி பெற்றவரா?
3. பூசும் மருந்தின் பெயர் என்ன? அதை எழுதித் தருவீர்களா?
4. மருந்தில்லாமல் வெறும் ஜெல்லுடன் பிடித்தால் என்ன வித்தியாசம்? அதற்கு எவ்வளவு காசு?
5. இத்துடன் எனக்கு என்ன தேகப்பயிற்சி சொல்லித் தருவீர்கள்?
6. மூன்று நான்கு தடவைக்குப் பின்னும் மாற்றம் இல்லாவிட்டால் என்ன செய்வீர்கள்?

பத்துத் தடவைக்கும் சேர்த்து முன்கூட்டியே காசு கட்டவேண்டாம். ஒவ்வொரு தடவையாகக் கட்டுங்கள். ஐந்தாவது கேள்விக்குப் பதில் இல்லாத இடத்தில் நிற்கவும் வேண்டாம். ஏனென்றால் தேய்ந்த முழங்காலுக்கும் நாட்பட்ட நாரிநோவுக்கும் பலன் தரும் என்று ஆய்வுகளில் நன்கு நிறுவப்பட்டது தேகப்பயிற்சிதான்.

முழங்கால் நோ உள்ளவர்கள் இன்றைக்கே ஒன்றைத் தொடங்கலாம். கதிரையில் நிமிர்ந்து இருங்கள். ஒரு காலை மெதுவாக முன்னே நீட்டி, தொடைத் தசையை இறுக்கி, ஐந்து எண்ணும்வரை வைத்திருந்து இறக்குங்கள். ஒவ்வொரு காலுக்கும் பத்துத் தடவை, காலையும் மாலையும். தொடை பலப்பட்டால் முழங்காலின் சுமை குறையும். செயற்கைக் கால் போட்டவர்களுக்கு மற்றக் காலின் முழங்காலைக் காப்பாற்ற இது மிகவும் தேவை. பயிற்சியின்போது நோ கடுமையாகக் கூடினால் நிறுத்திவிட்டு வைத்தியரிடம் காட்டுங்கள்.

கைமூட்டு, முழங்கால் நோவுக்கு வைத்தியர் டைக்ளோபினக் ஜெல் எழுதித் தந்தால் அதை மெஷின் இல்லாமலே மெதுவாகத் தேய்த்துப் பூசலாம். அதன் மூலக்கூறு சிறியது, தானே உள்ளே போகும் என்பதை முன்பே பார்த்தோம். கர்ப்பிணிகளும், சிறுநீரக நோய் உள்ளவர்களும், நோ மாத்திரை குடித்தால் முட்டு வருபவர்களும் வைத்தியரைக் கேளாமல் அதைப் பூசக் கூடாது.

இல்லாத கால் நோகும்போது

இன்னும் ஒரு கடிதத்துக்குப் பதில் சொல்லவேண்டும். முழங்காலுக்குக் கீழே காலை இழந்த ஒரு சகோதரி, இல்லாத பாதத்தில் நெருப்பு எரிவதுபோல நோகிறது என்றும், அதற்கு இந்த மெஷின் உதவுமா என்றும் கேட்டிருக்கிறார். சகோதரி, உங்களுக்கு வருவது கற்பனை அல்ல, பைத்தியமும் அல்ல. அது வைத்தியர்கள் நன்கறிந்த ஒரு நோ. ஆனால் அந்த நோ நரம்புகளிலும் மூளையிலும் எழுவது. தோலில் மருந்தைப் பூசி ஒலியால் தள்ளி அதைப் பிடிக்க முடியாது. மொட்டையான முனையில் உணர்ச்சி குறைந்திருந்தால் மெஷின் பிடிப்பது ஆபத்தும்கூட. நரம்பு நோவுக்கென்று வேறு மாத்திரைகள் உண்டு. உங்கள் கிளினிக் வைத்தியரிடம் "இல்லாத காலில் நோகிறது" என்று அப்படியே சொல்லுங்கள்.

இந்த நோவுக்கு ஒரு சாதாரண முகம் பார்க்கும் கண்ணாடியை வைத்துச் செய்யும் பயிற்சி ஒன்றும் உண்டு. தமிழ்நாட்டில் பிறந்த வைத்திய விஞ்ஞானி வி. எஸ். ராமச்சந்திரன் 1990களில் முன்வைத்தது அது. வீட்டில் எப்படிச் செய்வது, யாருக்கு அது பொருந்தாது என்பவற்றை அடுத்த இதழில் விரிவாக எழுதுகிறேன். அதற்கு முன்னர், இதுபோன்ற நோ உள்ளவர்கள் அது எந்த நேரத்தில் வருகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள். உங்களுக்கு எழுத முடியாவிட்டால் பிள்ளையிடம் சொல்லி எழுதுவியுங்கள். கிளினிக்குக்குப் போகும்போது அந்தக் கொப்பியையும் எக்ஸ்ரேப் பையையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போங்கள்.